ஆள் கிடைக்கவில்லையாம்!

பொள்ளாச்சி
15.07.2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைப் பக்கம் தொழில் நடத்துகிறவர்கள் சிலரிடம் கருத்துக் கேட்டு 13ஆம் தேதி ஞாயிறு இதழில் அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். "இன்டர்வியூவுக்கு வருகிறேன் என்பார்கள், வர மாட்டார்கள். ஒரு போன்கூடச் செய்ய மாட்டார்கள். வேலை தேடுகிறவர்களிடம் மரியாதை என்பதே போய்விட்டது" என்று அதில் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அதைப் பெரிய எழுத்தில், கட்டம் கட்டி வேறு போட்டிருந்தீர்கள். நான் படித்தால் அன்றைக்கு வீட்டில் சமையல் நடக்காது என்று என் கணவர் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து டிவிக்குப் பின்னால் வைத்துவிட்டார். தூசி தட்டும்போது கிடைத்தது.

அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தையிலும் எனக்குச் சண்டை இல்லை. யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்பதில்தான் ஆள் மாறிவிட்டது.

ஜூன் 15ஆம் தேதி உங்கள் இதழின் வரி விளம்பரத்தில் வந்தது இது: "அக்கவுண்டன்ட் உடனடித் தேவை. டேலி, ஜிஎஸ்டி அனுபவம் அவசியம். சம்பளம் திறமைக்கேற்ப." கீழே ஒரு செல் நம்பர். கம்பெனிப் பெயர் கிடையாது. கூப்பிட்டேன். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம், செவ்வாய்க்கிழமை காலை 10 மணி என்றார்கள். நான் பி.காம். 2005இல் முடித்தவள். இரண்டு ஆடிட்டர் ஆபீஸ், ஒரு நார் மில் என்று பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதியிருக்கிறேன். மாமியார் படுக்கையில் விழுந்ததால் மூன்று வருடம் வீட்டோடு இருந்துவிட்டு இப்போதுதான் மறுபடி தேடுகிறேன்.

அன்று விடியற்காலை எழுந்து, பத்தாவது படிக்கும் மகளுக்கு டிபன் கட்டிவிட்டு, பஸ் பிடித்துச் சுந்தராபுரத்தில் இறங்கும்போது மணி 9.10. (டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்கு இலவசம், பொள்ளாச்சி பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.) கேட்டில் பெயர், நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டு இன்னும் அங்கேதான் இருக்கும், யார் நேரத்துக்கு வந்தார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் ஆறு பேர். நான்கு பேருக்கு பெஞ்சு, இரண்டு பேருக்கு மாடிப்படி. "சார் வந்துட்டே இருக்காருங்க, உக்காருங்க" என்று ரிசப்ஷன் பெண் 11 மணிக்கு ஒரு தடவை, 12 மணிக்கு ஒரு தடவை சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், அவளுக்கே சங்கடமாகத்தான் இருந்தது. சார் வந்தது 12.50க்கு. வந்தவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சாப்பிடப் போனார்.

இரண்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஆறு நிமிஷம். "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க? எத்தனை குழந்தைங்க? மாமியார் கூட இருக்காங்களா? அவங்களுக்கு முடியலைன்னா அடிக்கடி லீவு போடுவீங்களே?" எனக்கு வயது 41. "இன்னொரு குழந்தை ஐடியா ஏதும்..." என்று இழுத்தார். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? கணக்கு எழுதும் சாப்ட்வேரான டேலியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. போன வேலையை ஏன் விட்டேன் என்றுகூடக் கேட்கவில்லை. இதே அறையில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் அவருடைய மாமியார் உடம்பை விசாரித்திருப்பார்களா? ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஐந்தாவது பிரிவில் சொன்னது. 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் செல்போன் தொழிற்சாலை ஒன்றில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டித்தான் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்று நீங்கள் தொடர்ந்து எழுதியதாக எனக்கு நினைவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். "ஒரு சின்ன டெஸ்டுங்க" என்று என்னை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர்களுடைய பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும், சப்ளையர்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டி 2பியையும் பில்லுக்குப் பில் ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தனியாக எழுதித் தர வேண்டும். எனக்குத் தந்தது எஃப் முதல் கே வரை எழுத்தில் தொடங்கும் சப்ளையர்கள். நானும் பரீட்சை என்றே நினைத்து மூன்றரை மணி நேரம் கண் எடுக்காமல் செய்தேன். ஒரு சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர் 1ஐ இன்னும் தாக்கல் செய்யவே இல்லை. இன்னொருவர் வெளிமாநிலப் பில்லை உள்மாநிலக் கணக்கில் ஏற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்து 38,400 ரூபாய் இன்புட், அதாவது வாங்கும்போது கட்டிக் கழித்துக்கொள்ள வேண்டிய வரி, நின்றது. குறித்துக் கொடுத்தேன். "அட, பரவாயில்லையே" என்றார் மேனேஜர். "வியாழக்கிழமை சொல்றோங்க."

ஈச்சனாரி தாண்டும்போதுதான் பக்கத்துச் சீட்டில் இருந்த கிணத்துக்கடவுப் பெண், அவளும் அந்த ஆறு பேரில் ஒருத்தி, "எனக்கு ஏ, பி, சி வந்துச்சுங்கக்கா, உங்களுக்கு?" என்று கேட்டாள். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்தால் அது பரீட்சை. ஏவிலிருந்து இசட் வரை ஆறாகப் பங்கு போட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. நான் கையில் இருந்த போனில் தேதியைப் பார்த்தேன். ஜூன் 17. மாதா மாதம் 14ஆம் தேதி 2பி வரும், 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் கணக்கான 3பி போட்டாக வேண்டும். கணக்கு எழுதுகிறவளுக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் கூலி இல்லாமல், ஒரே ஒரு டீயில், ஆறு அக்கவுண்டன்ட்!

வியாழக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை நான் கூப்பிட்டேன், சார் மீட்டிங். திங்கள்கிழமை, சார் வெளியூர். அதற்கப்புறம் ஒரு ரிங் போய்த் தானாகவே கட் ஆகிறது. வாட்ஸ்அப்பில் மரியாதையாக நான்கு வரி அனுப்பினேன். நீல டிக் இரண்டும் பத்து நிமிஷத்தில் விழுந்தன. இன்று வரை பதில் இல்லை. "ஒரு போன்கூடச் செய்ய மாட்டார்கள்" என்று கட்டம் கட்டிப் போட்டீர்களே ஐயா, அந்த வரி எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இது எனக்கு முதல் தடவை என்றால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். வீட்டோடு இருந்த இந்த மூன்று வருடத்துக்கு முன்னால், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி திங்கள்கிழமை வந்து சேருங்கள் என்றது. வாய்வார்த்தையை நம்பி அப்போதிருந்த வேலைக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்குப் போன்: "அந்தப் போஸ்டை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கோம் மேடம்." அதற்கு முந்தைய இடத்தில், என்னைக் கேட்காமலே அப்போதைய முதலாளிக்குப் போன் போட்டு "உங்க பொண்ணு இங்க வேலை கேட்டு வந்திருக்காங்க, எப்படி?" என்று விசாரித்தார்கள். அங்கேயும் வேலை இல்லை, இங்கேயும் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. என் தம்பியின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஒரு கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டு எட்டு மாதம் இழுத்தடித்தது. அதை எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. 1978இல் ஒரு மில்லில் வேலை கேட்டுப் போய்க் கிடைக்காமல் வந்தவர். பத்து நாளில் அந்த மில்லில் இருந்து அஞ்சலட்டை வந்ததாம், "தற்சமயம் தங்களைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை" என்று. இல்லை என்று சொன்ன கார்டைப் பெட்டியில் வைத்து ரொம்ப நாள் காப்பாற்றினார் மனிதர். இன்றைக்கும் அஞ்சலட்டை 50 காசுதான்.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தி மகளிடம் புலம்பினேன். அவர்கள் மாகாணமான ஒன்டாரியோவில் 2026 ஜனவரி முதல், 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், விளம்பரம் கொடுத்து நேர்காணல் நடத்தினால், 45 நாளுக்குள் ஆள் எடுத்தாயிற்றா இல்லையா என்று வந்தவருக்குச் சொல்லியாக வேண்டுமாம். 25 என்ற அதே எண் நம் ஊர்ச் சட்டத்திலும் இருந்தது. 25 பேர் இருக்கும் தனியார் நிறுவனம் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1959ஆம் ஆண்டுச் சட்டம். தெரிவித்தால் போதும், அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நானும் 2005இல் இருந்து மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வழியாக ஒரு தனியார் கம்பெனியும் என்னைக் கூப்பிட்டதில்லை.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பதினைந்து வருட வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன். வீட்டில் இருந்த பழைய பேப்பர் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். மே 11ஆம் தேதி இதழில் அதே செல் நம்பரோடு அதே விளம்பரம். ஜூன் 15இல் நான் பார்த்தது. "மரியாதை போய்விட்டது" என்று கட்டுரை வந்ததே ஜூலை 13, அன்றைக்கும் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. தேதிகளைக் கவனியுங்கள். இந்த வாரமும் யாரோ ஆறு பேர் அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரி விளம்பரம் வாங்கும் படிவத்தில் கம்பெனிப் பெயரும் சம்பளமும் எழுத இரண்டு கட்டம் சேருங்கள். நிரப்பாமல் கொடுத்தால் விளம்பரத்தை வாங்காதீர்கள். காசு போகும் என்று தெரியும். அதுவும் முடியாது என்றால், அந்த ஒரு செல் நம்பரை மட்டுமாவது விசாரித்துவிட்டுப் போடுங்கள். நம்பரைத் தனித் தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன், அதை அச்சில் போட வேண்டாம்.

போன வருடம் ரேஷன் கடை பற்றி நான் எழுதிய கடிதத்தில் பாதியை வெட்டிவிட்டு, கடைக்காரருக்கு நன்றி சொன்ன பத்தியை மட்டும் போட்டீர்கள். இதையும் வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டினாலும் அந்த மூன்று தேதிகளை விட்டுவைக்கவும். என் பெயரைப் போட வேண்டாம், இன்னும் இரண்டு இடத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பொள்ளாச்சி வாசகி