மணப்பாட்டுப் பயணம் மீண்டும் தொடங்குகிறது: நாள் மாற்றம் குறித்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாடு என்ற கடலோர ஊருக்கு நாங்கள் நடத்தி, இரண்டு ஆண்டுகளாக நிறுத்தி வைத்திருந்த பயணத்தை அடுத்த மாதம் முதல் மீண்டும் நடத்த இருக்கிறோம். முன்பு சனிக்கிழமை இரவு நெல்லையிலிருந்து புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமையை அங்கே கழித்துத் திரும்பினோம். இனி வெள்ளி இரவு புறப்பட்டுச் சனிக்கிழமை இரவே ஊர் திரும்புவோம். ஞாயிறு விடுமுறையை விட்டுவிட்டு இப்படி ஏன் மாற்றினீர்கள் என்று பலர் தொலைபேசியில் கேட்டதால் இந்த விளக்கத்தை எழுதுகிறோம்.

பிழை எங்களுடையது. மணப்பாடு கத்தோலிக்க மீனவர்களின் ஊர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தொழிலுக்குப் போவதில்லை. படகு கரையேறுவதைக் காட்டுகிறோம் என்று சொல்லி அழைத்துச் சென்ற நாங்கள், மணலில் வரிசையாக இழுத்து வைத்திருந்த வள்ளங்களையே உங்களுக்குக் காட்டினோம். சுடச்சுடச் சாளைக் குழம்பு கிடைக்கும் என்று நம்பி வந்த பெரியவர் ஒருவர், மதியம் திருச்செந்தூரில் சாம்பார் சோறு சாப்பிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேனில் ஏறி அமர்ந்ததை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, மீண்டும் தொடங்குமுன் நாங்கள் மூவர் ஒரு சனிக்கிழமை விடியுமுன் அங்கே போய் நின்றோம். வெளிச்சம் வரும்போது வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை தட்டின. மீன் மணலில் கொட்டப்பட்ட கையோடு ஏலம் தொடங்கி, நாங்கள் விலையைப் புரிந்துகொள்ளுமுன் முடிந்தும்விட்டது. சற்றுத் தள்ளி ஓர் அம்மா வலையில் சிக்கிய நண்டுகளைக் கழித்துக்கொண்டிருந்தார். காலை ஒடிக்காமல், கண்ணியையும் அறுக்காமல், நண்டை ஒருமுறை திருப்பி அவர் எடுத்த வேகத்தைப் பார்க்கவே அரை மணி நேரம் அங்கே நின்றோம். இதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், ஒரு பக்கம் அலைகடலும் மறுபக்கம் கருமேனியாற்றுக் கழிமுகமுமாக அமைந்த ஊர் இது. 1542இல் கத்தோலிக்க மறைப்பணியாளரான பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். அவர் தங்கித் தவம் செய்த குகை, அதற்கு முன் ஒரு சைவத் துறவியின் இருப்பிடமாக இருந்தது என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. மணல்மேட்டின் மேலுள்ள திருச்சிலுவை ஆலயத்தின் திருவிழா நடக்கும் செப்டம்பர் 1 முதல் 14 வரை ஊர் நிறைந்திருக்கும் என்பதால், அமைதி தேடி வருவோரை அந்நாட்களில் அழைத்துச் செல்ல மாட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உரியது. நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும் என்பதால் கோடையிலும் பயணம் உண்டு. ஆனால் அந்த நாட்களில் மீன் விலை ஏறும் என்பதால், மதிய உணவுக்கான தொகையை அன்றைய ஏலத்தைப் பார்த்தே சொல்ல முடியும்.

பெரிய பேருந்தையும் விட்டுவிட்டோம். 12 பேர் அமரும் வேன் மட்டுமே செல்லும். சந்துகளில் அதற்கு மேல் கூட்டம் போனால் ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவு. வேலை செய்பவர்களை அவர்கள் சம்மதமின்றிப் படம் எடுக்க வேண்டாம். கழிமுகத்தில் நீர் அமைதியாகத் தெரிந்தாலும் இழுப்பு உண்டு, அங்கே குளிக்க இறங்குவதை நாங்கள் அனுமதிப்பதில்லை.

பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, இந்த அமைதி எவ்வளவு நாள் நீடிக்கும் என்று கேட்போர் உண்டு. அதற்கு உறுதி தரும் நிலையில் நாங்கள் இல்லை. இப்போதைக்கு மணப்பாட்டில் மாலை ஐந்து மணிக்கு அலைச் சத்தமும் ஆலய மணியும்தான் கேட்கின்றன.

வெள்ளி இரவு தங்குவது திருச்செந்தூரில். அங்கிருந்து அதிகாலை நாலரை மணிக்கு வேன் கிளம்பும். தாமதமாக எழுவோருக்காகக் காத்திருக்க இயலாது. திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்க அரை மணி நேரம் நிறுத்துவோம். முன்பு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் வந்து ஏமாந்தவர்கள், பழைய ரசீதைக் காட்டினால் பாதிக் கட்டணம் செலுத்தினால் போதும்.

இப்படிக்கு,
நிர்வாகத்தினர்