அடிப்பிடிச்ச கஞ்சி

அன்பு மகளுக்கு,

இஞ்சை எல்லாரும் சுகம். ரொறன்ரோவிலை பனி விட்டிட்டுதோ எண்டு அப்பா ஒவ்வொரு நாளும் கேக்கிறார்.

போன கிழமை அக்காவின்ரை மூத்தவளோடை இஞ்சை டென்மார்க்கிலை இருக்கிற சில்கெபோர்க் அருங்காட்சியகத்துக்குப் போனனான். சதுப்புக்குள்ளை பழுதாகாமல் கிடந்து எடுத்த அந்தப் பழங்காலத்து ஆள், டொலுண்ட் மனிதன், எப்பிடிச் செத்தவர், ஆர் கொண்டது, ஏன் கொண்டது எண்டு பொலிஸ் மாதிரி விசாரிச்சு எழுத வேணுமாம். அவளின்ரை வகுப்புக்குக் குடுத்த வேலை. துணைக்குப் பெரியாக்கள் வேணும் எண்டு கேட்டவை, நான் போனன்.

நீ சின்னனிலை பாத்தனி, இப்ப மறந்திருப்பாய். 1950 மே மாதம் அடுப்பெரிக்கச் சதுப்பிலை தோர்வ், அதுதான் செடி மக்கின கரி மண், வெட்டின குடும்பம் ஒண்டு, இரண்டரை மீற்றர் ஆழத்திலை அந்த முகத்தைக் கண்டது. தாடையிலை முளைச்ச மயிர்கூட அப்பிடியே இருந்ததாலை, இப்ப நடந்த கொலை எண்டு நினைச்சுப் பொலிசுக்கு அறிவிச்சினம். அவர் செத்து 2,400 வருசம். சதுப்புக்குள்ளை காத்துப் போகாது, தண்ணி குளிர், பாசியிலை ஊறுற அமிலம் தோலைப் பதனிட்டு விட்டிடும். தலையைத்தான் அப்பிடியே முழுசாக் காப்பாத்தினது. இப்ப வைச்சிருக்கிற உடம்பு பிறகு செய்து சேத்தது.

பிள்ளையள் கழுத்தைத்தான் கனநேரம் பாத்தவை. பின்னின தோல் கயிறு இன்னும் கிடக்குது. கயித்தின்ரை தடம் நாடிக்குக் கீழையும் இரண்டு பக்கமும் இருக்கு, பிடரியிலை இல்லை. அப்ப முடிச்சுப் பின்னுக்கு இருந்திருக்கு, தூக்கிலைதான் போனவர் எண்டு ஒரு பெடியன் பிடிச்சிட்டான். களவெடுத்ததுக்குத் தண்டனையாக்கும் எண்டும் சொன்னான். எங்கடை பிள்ளை விடேல்லை. அந்தக் காலத்திலை செத்த ஆக்களை எரிக்கிறது வழக்கம். இவரை எரிக்கேல்லை. கண்ணையும் வாயையும் மூடி, நித்திரை கொள்ளுற மாதிரிக் கால் மடக்கிக் கிடத்தி இருக்கினம். கள்ளனுக்கு ஆர் இப்பிடிச் செய்வினம் எண்டு கேட்டாள். ஆராய்ச்சி செய்த கனபேரும் தெய்வத்துக்குக் குடுத்த பலி எண்டுதான் சொல்லுகினம்.

என்னை விட்டுப் போகாதது அவரின்ரை சாப்பாடு மகள். குடலைத் திருப்பியும் சோதிச்சு 2021இலை எழுதியிருக்கினம். சாகிறதுக்கு அரை நாள், ஒரு நாள் முந்திக் கஞ்சி குடிச்சிருக்கிறார். வாற்கோதுமை, ஆளிவிதை, கொஞ்சம் மீன், அதோடை சூடு அடிச்சுத் தூத்தேக்கை கழிச்சு விடுற களை விதையும். அதை ஏன் போட்டவை எண்டு பிள்ளையள் நிறையச் சண்டை பிடிச்சினம். சட்டியிலை கருகின துண்டுகளும் அந்தக் கஞ்சிக்குள்ளை கிடந்ததாம். அடிப்பிடிச்ச கஞ்சி. கிண்டினவளுக்குக் கை ஓடாமல் நிண்டிருக்கும் எண்டு எனக்குப் பட்டுது. நாளைக்கு என்ன நடக்கப் போகுதெண்டு தெரிஞ்சவள்போல. அது சாட்சியாகாது எண்டு பேத்தி சொன்னவள், ஆனாலும் எழுதிக் கொண்டவள்.

வரேக்கை பஸ்ஸிலை கேட்டாள், "அம்மம்மா, அவரைத் தேடி ஆரும் அழுதிருப்பினமோ?" எண்டு. நான் உன்ரை மாமாவைப் பற்றிச் சொன்னன். 1990இலை சைக்கிளிலை போனவர், வரேல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நான் ஒருக்காலும் விபரமாச் சொன்னதில்லை. ஆச்சி சாகும்வரைக்கும் பின்னேரத்திலை படலையைப் பாத்துக்கொண்டு நிண்டவ. அந்த மனுசனுக்குக் கண்ணை மூடி விட ஒரு கை இருந்திருக்கு. அவரை வைச்ச கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலை எனக்கு அதுதான் நினைவு.

பேத்தி தன்ரை அறிக்கையிலை கொண்டவை ஆர் எண்ட இடத்திலை "ஊர் முழுக்க" எண்டு எழுதினவள். கண்ணை மூடினது ஆர் எண்டு தானே ஒரு கேள்வி போட்டு, பதில் எழுதாமல் விட்டிருக்கிறாள்.

மாமாவின்ரை படம் உன்ரை அல்பத்திலை ஒண்டு இருக்கு, கோயில் வாசலிலை வெள்ளைச் சேட்டோடை நிக்கிறது. அதை எடுத்து அனுப்பு. அவள் பாக்க வேணுமாம்.

அன்புடன்,
அம்மா