ஷோர் பைனுக்குப் பதிலாக மலை ரகம் அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
மரக்கன்று விற்பனை நிறுவனம்.

ஐயா / அம்மையீர்,

ஒரிகன் கடற்கரையில் என் வீட்டின் மேற்கு எல்லையில் காற்றுத் தடுப்பாக நடுவதற்கு ஷோர் பைன் எனும் கடலோரப் பைன் மரத்தின் ஆறு கன்றுகளை உங்களிடம் வாங்கினேன். ரசீதில் ‘பைனஸ் கன்டார்ட்டா’ என்ற இனப்பெயர் மட்டும் இருக்கிறது. தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டிலோ கூடவே ‘லாட்டிஃபோலியா’ என்ற ரகப்பெயரும் அச்சாகியிருக்கிறது. அது ராக்கி மலைப் பக்கத்து லாட்ஜ்போல் பைன்.

தொலைபேசியில் கேட்டதற்கு, “இரண்டும் ஒரே இனம்தானே, இரண்டுக்கும் ஊசியிலை ஜோடி ஜோடியாகத்தானே இருக்கும்” என்றார் உங்கள் ஊழியர். இனம் ஒன்றுதான், மறுக்கவில்லை. இனப்பெயர் வந்து காற்றைத் தடுக்காதே!

அலாஸ்காவிலிருந்து வட கலிஃபோர்னியா வரை கடலோரத்தில் வளரும் ரகம் உப்புச் சாரலைத் தாங்கும். வெறும் மணலிலும் வேர் பிடிக்கும், மழைக்காலத்தில் நீர் தேங்கும் சதுப்பிலும் நிற்கும். என் தோட்டத்தில் இந்த மூன்று தொல்லையும் உண்டு. கடலோர ரகம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கி, பக்கவாட்டில் கிளை பரப்பும். வசந்தத்தில் நீளும் புதுத் தளிர்களைப் பாதியாகக் கிள்ளிவிட்டால் இன்னும் அடர்த்தியாகும். அதனால்தான் மறைப்பு வேலிக்கும் போன்சாய்க்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள். மலை ரகம் நெட்டுக்குத்தாக 30 மீட்டரையும் தாண்டும். வரிசையாக நெருக்கி நட்டால் கீழ்க்கிளைகள் காய்ந்து, காற்றைத் தடுக்க வேண்டிய உயரத்தில் மொட்டைத் தண்டுதான் மிஞ்சும். அதன் கூம்புகள் பலவும் பிசினால் மூடிக் கிடந்து காட்டுத்தீயின் சூட்டில் திறப்பவை. அந்தச் சிறப்பு என் வீட்டுச் சுவரோரம் தேவையில்லை.

உங்கள் விற்பனைப் பக்கத்தில் கடற்காற்றில் முறுக்கிக்கொண்ட மரத்தின் படத்தைப் போட்டு, ‘இந்தக் கரையின் சொந்த மரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

கன்றுகளை நடவில்லை, தொட்டியிலேயே தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். இலையுதிர்கால மழை தொடங்குவதற்குள் சரியான கடலோர ரகத்தை, ரகத்தின் பெயர் எழுதிய சீட்டோடு அனுப்பிவிட்டு, இவற்றை உங்கள் செலவிலேயே எடுத்துச் செல்லுங்கள். முடியாதென்றால் அனுப்பும் கட்டணம் உட்பட முழுத் தொகையும் திரும்ப வேண்டும். ஊழியர் தருவதாகச் சொன்ன தள்ளுபடி கூப்பன் வேண்டாம்.

ரசீது, சீட்டு இரண்டின் படங்களும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்