பாலிசியில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வர வேண்டும்: அமெரிக்காவில் வீடு வாடகைக்கு விடும் தமிழர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வீட்டு உரிமையாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் முதலில் வாங்கிய டவுன்ஹோமை விற்காமல் வைத்துக்கொண்டு, நம் ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கும் புதிதாக வேலைக்கு வரும் குடும்பங்களுக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள் உங்களில் பலர். கிரெடிட் ஹிஸ்டரி என்று ஒன்றே இல்லாதவரை நம்பிச் சாவியைக் கொடுக்கிறீர்கள். அப்படி வந்து இறங்கியவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையில் நானும் கூடவே அலைகிறவன் என்பதால், அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்.

குடிவருகிறவர் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ், அதாவது தன் பொருளுக்கும் தன்னால் பிறருக்கு நேரும் சேதத்துக்கும் சேர்த்து ஒரு காப்பீடு, எடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது சரி. கேட்கத்தான் வேண்டும். மாதம் பதினைந்து, இருபது டாலர் அளவில் கிடைக்கிற பாதுகாப்பு அது. எனக்கு மனத்தாங்கல் எல்லாம் லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) அதற்கு அடுத்து வரும் வரியில்தான்: "உரிமையாளரை அடிஷனல் இன்ஷூர்டாகச் சேர்க்க வேண்டும்." எங்கிருந்தோ இறக்கிய லீஸ் மாதிரியில் இருந்த வரி அப்படியே தங்கிவிடுகிறது. தயவுசெய்து அதை எடுத்துவிட்டு "அடிஷனல் இன்ட்ரஸ்ட்" என்று போடுங்கள். சில கம்பெனிகள் இதையே "இன்ட்ரஸ்டட் பார்ட்டி" என்று சொல்லும்.

இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. அடிஷனல் இன்ட்ரஸ்டாக இருந்தால், பாலிசி தொடங்கியது, ரத்தானது, புதுப்பிக்கப்படவில்லை என்ற தகவல் உங்களுக்கு வரும். பாலிசிப் பணத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது. பெரும்பாலும் இதற்குக் கூடுதல் கட்டணமும் இல்லை. அடிஷனல் இன்ஷூர்டு என்றால், உங்கள் மீது வழக்கு வந்தாலும் குடியிருப்பவரின் பாலிசியே காப்பு கொடுக்க வேண்டும். பாலிசியின் லயபிலிட்டி (பிறருக்கு நேர்ந்த சேதத்துக்குக் கொடுக்கும் காப்பு) வரம்பு 1,00,000 டாலர் என்றால், அதை நீங்களும் அவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பல கம்பெனிகள் ரென்டர்ஸ் பாலிசியில் இதை ஏற்பதே இல்லை. குடியிருப்பவரின் சோபாவிலும் லேப்டாப்பிலும் உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, அதற்கு நீங்கள் காப்பீடு பெற?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த வரி உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், குடியிருப்பவர் வீட்டில் வடை சுட அடுப்பில் எண்ணெய் காய்கிறது. குழந்தை அழுகிறது என்று உள்ளே போகிறார்கள். எண்ணெய் பற்றிக்கொள்கிறது. கேபினெட், மேலே உள்ள மைக்ரோவேவ், கூரை எல்லாம் கரிந்துபோகின்றன. வழக்கமான ரென்டர்ஸ் பாலிசி, வாடகைக்கு எடுத்த இடத்துக்கு ஏற்படும் சேதத்தை லயபிலிட்டியிலிருந்து விலக்கி வைத்தாலும், தீ, புகை, வெடிப்பு மூன்றுக்கும் அந்த விலக்கு கிடையாது. ஆக, கவனக்குறைவு அவருடையது என்றால் உங்கள் சமையலறைக்கு அவருடைய பாலிசி பணம் கொடுக்கும். ஆனால் அதே பாலிசியில் இன்னொரு விலக்கும் உண்டு: இன்ஷூர்டு ஒருவருக்குச் சொந்தமான சொத்துக்கு நேர்ந்த சேதத்துக்கு லயபிலிட்டி கிடையாது. நீங்களே இன்ஷூர்டாக உள்ளே வந்து உட்கார்ந்தால், "சமையலறை இன்ஷூர்டு ஒருவருடையதுதானே" என்று கம்பெனி கைவிரிக்க இடம் கொடுக்கிறீர்கள். வெளியே நின்று கேட்க வேண்டியவர் நீங்கள். உள்ளே போனால் யாரிடம் கேட்பீர்கள்?

சட்டமே இதைத் தெளிவாகச் சொல்லும் மாநிலமும் உண்டு. ஒரெகன் மாநிலத்தின் 90.222 பிரிவு, வீட்டுக்காரர் ரென்டர்ஸ் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் கேட்கலாம் என்கிறது. ஆனால் தன்னை அடிஷனல் இன்ஷூர்டாகப் போடச் சொல்லக் கூடாது. ரத்து, குறைப்பு போன்ற தகவல்களைப் பெறும் இன்ட்ரஸ்டட் பார்ட்டியாக மட்டுமே கேட்கலாம். குறிப்பிட்ட கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்றும் வற்புறுத்தக் கூடாது. இன்ஷூரன்ஸ் கேட்கிற வீட்டுக்காரர் தானும் அதற்கு ஈடான லயபிலிட்டி காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றும் அங்கே விதி. மற்ற மாநிலத்தில் இருக்கும் நாமும் இதைப் பின்பற்றினால் என்ன?

தவறான வரி என்ன செய்கிறது என்பதைச் சாவி வாங்கும் நாளில் பார்க்க வேண்டும். முந்தைய வீட்டை அன்றே காலி செய்தாக வேண்டும். பெட்டிகள் நண்பரின் காரில் கிடக்கின்றன. குடிவரும் பையன் போனில் பாலிசி வாங்குகிறான். திரையில் "அடிஷனல் இன்ட்ரஸ்ட்" என்ற பெட்டி மட்டும்தான் இருக்கிறது, "அடிஷனல் இன்ஷூர்டு" கண்ணில் படவே இல்லை. கம்பெனிக்கு போன் போட்டால் "அது முடியாது" என்கிறார்கள். உரிமையாளரோ "லீஸில் இருக்கிறதே, தம்பி" என்கிறார். கடைசியில் அவன் உங்களைக் கூட்டு பாலிசிதாரராகவே சேர்த்துவிடுகிறான், அறைத்தோழனைச் சேர்ப்பதுபோல. இருப்பதிலேயே மோசமான வழி அதுதான். அவனுடைய பொருள் திருடு போனால், வரும் காசோலையில் உங்கள் பெயரும் சேர்ந்து வரக்கூடும்; பிறகு இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட அலைய வேண்டும்.

உங்கள் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் அந்த வீட்டில் குடியிருந்தபோது எடுத்த ஹோம்ஓனர்ஸ் பாலிசி, நீங்கள் அங்கே வசிப்பதை வைத்து எழுதப்பட்டது. வாடகைக்கு விட்ட பிறகும் அதையே ஓட்டிக்கொண்டிருந்தால், தீ விபத்தில் கட்டடத்துக்கே பணம் மறுக்கப்படலாம். டிபி-3 போன்ற லேண்ட்லார்ட் பாலிசிக்கு மாறுங்கள். கட்டடம், இழந்த வாடகை, படியில் வழுக்கி விழுந்தவர் போடும் வழக்கு, இவையெல்லாம் அங்கே சேர வேண்டியவை. குடியிருப்பவரின் சின்ன பாலிசி இந்தச் சுமையைத் தாங்காது.

நான்கு பேர் சேர்ந்து தங்கும் வீடாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். உறவினர் அல்லாத அறைத்தோழர்களை ஒருவரின் பாலிசி தானாகக் காக்காது. பாலிசி சுரேஷ் பெயரில் இருக்க, தீ விபத்துக்குக் காரணம் ரமேஷ் என்றால் உங்களுக்கும் நஷ்டம்தான். ஆளுக்கொரு பாலிசி கேளுங்கள். அப்படியே, நகைத் திருட்டுக்கு வழக்கமான வரம்பு 1,500 டாலர்தான் என்பதையும் கல்யாணமாகி வரும் குடும்பங்களுக்குச் சொல்லிவிடுங்கள். நம் வீட்டில் ஒரு ஜோடி வளையலுக்கே அது போதாது.

லீஸில் வர வேண்டிய வாசகம் இவ்வளவுதான்: லயபிலிட்டி குறைந்தது 1,00,000 டாலர், உரிமையாளர் அடிஷனல் இன்ட்ரஸ்ட், தகவல் அனுப்ப வேண்டிய முகவரி. வீடு உங்கள் எல்எல்சி (நிறுவனம்) பெயரில் இருந்தால் லீஸில் உள்ளபடியே அந்தப் பெயரையும் எழுத்து மாறாமல் கொடுங்கள். சாவி கொடுப்பதற்கு முன் டெக்லரேஷன் பேஜ் (பாலிசியின் சுருக்கப் பக்கம்) கேட்டு வாங்கி, அந்தப் பெயர் எந்தத் தலைப்பின் கீழ் வந்திருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ஆகஸ்ட் மாதம் கல்லூரிப் பிள்ளைகள் வந்து இறங்குவதற்குள் இந்தத் திருத்தத்தைச் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
டெக்சஸில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தமிழன்