மாப்ளே, விசாகப்பட்டினம் வா

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பக்கத்திலேயே இருந்து உன்னைத் தேற்றிய தங்கச்சிக்கு என் நன்றியைச் சொல்.

நான் இப்போது மகள் வீட்டில், விசாகப்பட்டினத்தில் இருக்கிறேன். மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை. பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் பகல் முழுக்க எனக்குத்தான். ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் பக்கத்துக் கடற்கரை கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டை. இங்கே கிழக்குத் தொடர்ச்சி மலை நேரே கடலில் வந்து இறங்குகிறது. தெற்கே டால்பின்ஸ் நோஸ் என்ற மலை அலைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மறைவில் தண்ணீர் அடங்கியிருக்கும் இடத்தில்தான் 1933-ல் துறைமுகத்தைத் திறந்தார்கள். எதிரே மூன்று குன்றுகள். ஒன்றில் வேங்கடேசுவரர் கோயில், ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா. மாதா கோயில் இருக்கும் ராஸ் குன்றில் ஒரு சாயங்காலம் போய் நின்றேன். கீழே கால்வாயில் ஒரு பெரிய சரக்குக் கப்பல், இழுவைப் படகுகள் துணையோடு அடிமேல் அடி வைத்து நுழைந்தது. அது உள்ளே போய் மறையும்வரை அந்த இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை.

கடற்கரைச் சாலையில் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1969-ல் கடற்படையில் சேர்ந்து 2001 வரை ஓடிய கப்பல். உள்ளே குனிந்து, வட்டமான வாசல்களுக்குள் ஒரு காலை முதலில் விட்டு நுழைய வேண்டும். டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே மாலுமிகளின் படுக்கைகள். புரண்டு படுக்க இடமில்லை. அதில் நாள்கணக்கில் வெயிலே பார்க்காமல் கிடந்தவர்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தங்கச்சிக்குச் சிம்மாசலத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும். மலைமேல் வராக லட்சுமி நரசிம்மர். வருஷம் முழுக்கச் சந்தனப் பூச்சுக்குள் மூடியே இருப்பார். அட்சய திருதியை அன்று மட்டும்தான் நிஜரூப தரிசனம். இந்தக் கோயிலில் கி.பி. 1098 வாக்கில் பொறித்த முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, மாப்ளே! கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துக்குப் படை நடத்தி வந்ததைப் பள்ளிக்கூடத்தில் நீ கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாயே, அந்தப் பக்கம்தான் இது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது கோஸ்தனி ஆறு. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. நான் அதன் பிறப்பிடத்திலிருந்து கடல்வரை போய்ப் பார்த்தேன்.

ஆறு பிறக்கிற மலைமேல் ஏறி அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகிற ரயில் காலையில் ஏழுக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. சத்தீஸ்கரில் இருக்கும் பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960-களில் போட்ட பாதை. அங்கே கிரந்துல் வரையான முழுத் தடத்தில் 58 சுரங்கப்பாதைகள். எதிரே தாது ஏற்றிய கூட்ஸ் வண்டிகள் இறங்கி வந்துகொண்டே இருக்கும். மருமகனின் துறைமுகம் எதை நம்பி வளர்ந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிமிலிகுடா ஸ்டேஷன் 997 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அகல ரயில்பாதையில் நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் என்ற பெயர் அதற்கு ரொம்ப காலம் இருந்தது.

நான் பொர்ராவில் இறங்கிக்கொண்டேன். சுண்ணாம்புக் கல் குகை; வாசலே ஒரு பெரிய மண்டபம் அளவு. உள்ளே போகப் போக வௌவால் வாடை, ஈரம், மேலே ஒரு துவாரம் வழியாக விழும் வெளிச்சம். அந்தத் துவாரத்தில் ஒரு பசு விழுந்ததாகவும், தேடிப் போனவர்கள் குகைக்குள் லிங்கத்தைக் கண்டதாகவும் மலைமக்கள் சொல்கிறார்கள். லிங்கத்துக்கு இன்றும் பூசை நடக்கிறது. ஒரு கல்விழுதின் நுனியை உற்றுப் பார்த்தேன். சொட்டு ஒன்று திரண்டு, கனத்து, விழாமல் தொங்கியது. விழும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு சுண்ணாம்பை அங்கே விட்டுவிட்டுப் போகும். அப்படியே சேர்ந்து சேர்ந்து ஆளுயரத் தூண்கள் ஆகியிருக்கின்றன. அந்தக் குகையை ஒட்டித்தான் கோஸ்தனி ஓடுகிறது.

மலையிறங்கியதும் தாட்டிபூடியில் அணை. நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரிகளில் அதுவும் ஒன்று. கடைசியில் பீமிலியில் ஆறு கடலில் கலக்கிறது. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள் இருக்கும் ஊர். முகத்துவாரத்தில் ஆறு சத்தமில்லாமல் அகன்று கிடக்கிறது. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் அலை இரைகிறது.

பீமிலிக்குச் சற்று முன்னால் எர்ரமட்டி திப்பலு. பார்த்த உடனே உன் ஞாபகம்தான். உங்கள் தேரிக்காடு மாதிரியே செக்கச் செவேலென்ற மணல்மேடுகள்! காற்றும் கடலும் பல்லாயிரம் வருஷங்களாகக் கொண்டுவந்து குவித்த மணல், இரும்புச் சத்து துருவேறிச் சிவந்தது. மழைநீர் அறுத்த ஓடைகள் ஆளை மறைக்கும் ஆழம். 2014-ல் புவியியல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தும் ஓரங்களில் மண்வெட்டு விழுந்திருப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. ஒருமுறை வெட்டி எடுத்துவிட்டால் திரும்ப வராத மண் அது. தேரியைப் பற்றி நீ ஊர்க்கூட்டத்தில் பேசினாயே, அந்த மாதிரி இங்கேயும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஜெயிக்க வேண்டும்.

தொட்லகொண்டாவைச் சொல்லாமல் விட முடியாது. 1976-ல் கடற்படைக்காரர்கள் வானிலிருந்து அளந்தபோது வெளிப்பட்ட புத்த விகாரை, அதாவது பிக்குகளின் மடம். குன்றின் உச்சியில் பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டிகள் செய்திருக்கிறார்கள். கீழே உப்புக்கடல், மேலே 2000 வருஷத்துக்கு முன்னால் பிக்குகள் சேர்த்து வைத்த நல்ல தண்ணீர். அங்கே ரோமானிய வெள்ளிக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. கொற்கையைப் பற்றி நீ சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளோடு இதையும் எழுதி வை.

டிசம்பரில் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், அரக்குச் சரிவுகளில் காட்டெள்ளுப் பூ மஞ்சளாகப் பூத்திருக்கும். காலையில் போய் ராத்திரி திரும்பும் ஒருநாள் டூரில் உன்னை அனுப்ப மாட்டேன். அனந்தகிரியில் ஒரு ராத்திரி தங்குவோம். காப்பித் தோட்டத்தில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, நிதானமாக நடக்கலாம். பொர்ராவில் படிகள் அதிகம். அதனால் டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள். வேண்டாம் என்றால் வாசல் மண்டபத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் போதும். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். மாடி அறையை ஒழித்து வைக்க மகளிடம் சொல்லியாகிவிட்டது. தேதியை முடிவு செய்து உடனே பதில் போடு.

அன்புடன்,
உன் மாப்ளே