இதயத்தைச் சுற்றிய கொழுப்பு பற்றி, செழியனுக்கு

அன்புள்ள செழியா,

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கால்சியம் ஸ்கோர், அதாவது இதயக் குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பின் அளவு, பூஜ்ஜியம். அதை விட்டுவிட்டு, "எபிகார்டியல் கொழுப்பு அதிகம்" என்ற வரியைப் பிடித்துக்கொண்டு ரத்தக்குழாய் அடைத்துவிட்டதா என்று கேட்கிறாய். அடைப்பு குழாய்ச் சுவருக்குள் வளர்வது. இந்தக் கொழுப்பு குழாய்க்கு வெளியே, இதயத் தசைக்கும் அதைப் போர்த்திய உறைக்கும் நடுவே கிடப்பது. எல்லோருக்கும் உண்டு. இதயத்தின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இதுதான். தசைக்கு எரிபொருளும் தருகிறது.

சிக்கல் அது இருக்கும் இடத்தில். கொழுப்பையும் இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி குழாயையும் பிரிக்க நடுவில் ஒரு ஜவ்வுகூடக் கிடையாது. அந்தக் குழாயின் கிளைகளிலிருந்தே அது ரத்தமும் வாங்குகிறது. பெருத்துக் கெட்டுப்போனால் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரக்கும். அவை வெளிச்சுவர் வழியே உள்ளே ஊறும். 2003-ல் பைபாஸ் நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, தோலடிக் கொழுப்பைவிட இதயக் கொழுப்பில் இவை தூக்கலாக இருந்தன.

கரோனரி குழாய்களில் ஒன்றான இடது முன்குழாய் சிலருக்குச் சிறிது தூரம் தசைக்குள் புதைந்து ஓடும். அந்தத் துண்டைச் சுற்றிக் கொழுப்பு இல்லை, அங்கே அடைப்பும் அநேகமாக வருவதில்லை. அதற்குச் சற்று முன்னால், கொழுப்புக்குள் ஓடும் இடத்தில் வரும். ரத்த ஓட்டத்தின் உராய்வும் அங்கே மாறுகிறது, அதனால் பழி முழுவதையும் கொழுப்பின் தலையில் கட்ட முடியாது.

குழாயும் சும்மா இருப்பதில்லை. அதன் சுவர் அழன்றால் பக்கத்துக் கொழுப்பணுக்கள் முதிராமல் சிறுத்து, நீர் கூடும். சி.டி. ஸ்கேனின் அடர்த்தி அளவுகோலில் தண்ணீர் 0, கொழுப்பு மைனஸ் 190 முதல் மைனஸ் 30 வரை. அழற்சி உள்ள இடத்தில் எண் தண்ணீர்ப் பக்கம் நகரும். ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் 2018 ஆய்வில், வலக் கரோனரி குழாயைச் சுற்றி மைனஸ் 70.1-ஐத் தாண்டி மேலே வந்தவர்களிடம் இதயச் சாவு கூடுதலாக இருந்தது. இதற்குச் சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ வேண்டும், உன் கால்சியம் ஸ்கேனில் தெரியாது. இதற்கென்று இன்னொரு ஸ்கேனுக்கு ஓடாதே.

எக்கோவில் (ஒலியலை ஸ்கேனில்) வரும் அளவையும் நம்பித் தொங்காதே. வலக் கீழறைக்கு முன்னால் தடிமன் பார்ப்பார்கள். இதயம் சுருங்கி முடிக்கையில் ஓர் அளவு, விரிந்திருக்கையில் அதைவிடக் குறைவு. உறைக்கு வெளியே உள்ள கொழுப்பையும் சேர்த்து அளப்பவர்கள் உண்டு, உறைநீரையே கொழுப்பென்று எழுதுபவர்களும் உண்டு. எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் இல்லை.

ஐம்பது ரூபாய் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் சுற்று. பெல்ட் கட்டும் இடத்தில் அல்ல. தெற்காசிய ஆணுக்கு 90 செ.மீ. எல்லை. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் தள்ளும் உடம்பில், எடை சரியாக இருந்தாலும் இந்தக் கொழுப்பு கூடியிருக்கலாம். உடல் எடை இறங்கினால் இதுவும் இறங்கும். வாரம் 150 நிமிடமாவது வேகமாக நட. இதை மட்டும் கரைக்கும் மாத்திரை என்று யாராவது விற்றால் வாங்காதே.

பூஜ்ஜியம் வந்த தைரியத்தில் சிகரெட்டைத் தொடராதே. சுண்ணாம்பு படியாத மென்மையான அடைப்பு அந்த ஸ்கேனில் தெரியாது.

இடுப்பளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) மூன்றையும் எழுதி அனுப்பு.

அம்மா