பேப்பர் போட்டுவிட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"அக்கா, பேப்பர் போட்டுட்டேன்" என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு சொந்தக் கம்பெனி தொடங்கப் போகிறாய், வாழ்த்துகள். கூடவே வந்த பிட்ச் டெக்கையும், அதுதான் முதலீட்டாளர்களுக்குக் காட்டும் ஸ்லைடுகளையும், பார்த்தேன். சந்தை எவ்வளவு பெரிது என்று காட்ட நாலு ஸ்லைடு வைத்திருக்கிறாய். அடுத்த வருடம் இதே மாதம் வங்கியில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு ஒன்றுகூட இல்லை. அதனால் ஐடியாவைப் பற்றி இப்போது வாய் திறக்கவில்லை. காசைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வேலையில் இருந்தவரை சம்பள நாள் என்றால் காசு வரும் நாள். கம்பெனி தொடங்கி ஃபவுண்டர் ஆன பிறகு அது காசு போகும் நாள். மாதக் கடைசி வாரத்தில் பல் தேய்ப்பதற்கு முன்பே வங்கிச் செயலியைத் திறந்துவிடுவேன். மீட்டிங்கில் யாராவது புது ஃபீச்சரைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தலையாட்டிக்கொண்டே மனசுக்குள் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் பெரிய வாடிக்கையாளர் கிடைத்தபோது ஆபீஸே துள்ளியது. இன்வாய்ஸ் கொடுத்த 60 நாளில் பணம் என்பது ஒப்பந்தம். அந்த வேலைக்கென்று ஆள் எடுத்தோம், சர்வர் செலவும் ஏறியது. 60 நாள் முடிந்து போன் செய்தால், "இன்வாய்ஸில் பர்சேஸ் ஆர்டர் எண் இல்லையே, திருத்தி அனுப்புங்கள்" என்றார்கள். திருத்தி அனுப்பினோம். புதுத் தேதியிலிருந்து மறுபடி 60 நாள்! செய்து கொடுத்த வேலைக்கான காசை, ஏதோ கடன் கேட்பதுபோலக் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது. லாப நட்டக் கணக்கில் அதுதான் எங்களுடைய மிகச் சிறந்த காலாண்டு. சம்பளம் போடத் திண்டாடியதும் அதே காலாண்டில்தான். செலவு முன்னால் போகிறது, வரவு பின்னால் வருகிறது. விற்பனை வேகமாக ஏறினால் நடுவில் விழும் பள்ளமும் பெரிதாகும். இப்போதெல்லாம் பாதி முன்பணம் வராமல் நாங்கள் வேலையைத் தொடுவதில்லை. சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ரன்வே கணக்கு, அதாவது கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பது, உனக்குத் தெரிந்ததுதான். கையில் 60 லட்சம், மாதம் நிகரமாக 5 லட்சம் கரைகிறது என்றால் 12 மாதம். ஆனால் அடுத்த முதலீட்டைத் திரட்டவே ஆறு மாதம் ஓடிவிடலாம். அப்படிப் பார்த்தால் நிம்மதியாக வேலை செய்ய உனக்குக் கிடைப்பது பாதிதான்.

ஆபீஸ்களில் குழுவாகப் பேசிக்கொள்ளும் செயலியான ஸ்லாக்கின் கதையை எல்லோரும் 'பிவட்' பெருமைக்காக, அதாவது ஓடாத தொழிலை விட்டு வேறொன்றுக்குத் திரும்பிய பெருமைக்காக, சொல்வார்கள். ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு 'க்ளிட்ச்' என்ற இணைய விளையாட்டை 2012-இல் மூடியது. தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்கள் உருவாக்கி வைத்திருந்த கருவிதான் ஸ்லாக் ஆனது. நான் அந்தக் கதையில் கவனிப்பது வேறு. மூடியபோது முதலீட்டுப் பணம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கடைசிக் காசு வரை விளையாட்டுக்கே செலவழித்திருந்தால் எதை வைத்து பிவட் செய்வது? இன்னொன்று, மூடிய அன்று ஊழியர்களில் பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். மேடைப் பேச்சுகளில் அது ஏனோ வேகமாகக் கடந்துவிடும்.

சரி, உன் கோ-ஃபவுண்டர் விஷயத்துக்கு வருகிறேன். "சின்ன வயசிலிருந்தே பழக்கம், எங்களுக்குள் எதுக்கு அக்கா எழுத்து எல்லாம்" என்றாய். பழக்கம் நன்றாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம். வெஸ்டிங் போடு, அதாவது பங்கு மொத்தமும் முதல் நாளே சொந்தமாகாமல், கூட இருந்து உழைக்க உழைக்கச் சொந்தமாகும் ஏற்பாடு. வழக்கமானது நாலு வருடம். முதல் வருடம் முடிந்தால்தான் கால் பங்கு சொந்தமாகும், மீதி மாதாமாதம் சேரும். அது இல்லாமல் அவர் எட்டாவது மாதம் விலகினால் பாதி கம்பெனி அவரோடு போய்விடும். வேலையில் இல்லாத ஒருவர் கையில் பாதிப் பங்கு இருப்பதைப் பார்க்கும் முதலீட்டாளர் அடுத்த சந்திப்புக்கு வருவதே சந்தேகம். இது அவருக்கு மட்டுமல்ல, நீ விலகினாலும் இதே கதிதான். அதைச் சொல்லியே பேச்சை ஆரம்பி, அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் வீடு. சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லிவிடு. "ஆறு மாசத்துல செட்டிலாயிடும்" என்று மட்டும் சொல்லிவைக்காதே, ஏழாவது மாதம் கேட்பார்கள்.

சனிக்கிழமை போன் செய். பங்குதாரர் ஒப்பந்தத்தின் வரைவைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவோம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அக்கா